உடைந்த கண்ணாடியில் கணக்குப் போட வருகிறவர்களுக்கு

கிளிநொச்சியில் வீட்டு மேசையில் இருந்துகொண்டு, கண்ணாடித் துண்டுகளைப் புள்ளிவிபரவியலால் ஒப்பிடும் தடயவியல் ஆய்வொன்றை இறுதியாண்டுக்காகச் செய்து முடித்தேன். ஆறு மாத வேலை என்று தொடங்கியது பதினொரு மாதம் இழுத்தது. இரசாயனவியல் கடினமாக இருந்ததால் அல்ல, ஒழுங்கு பிழைத்ததால். முதலில் அளந்தேன். பிறகு தரவு தேடினேன். கடைசியாகத்தான், நான் என்ன கேள்விக்குப் பதில் தேடுகிறேன் என்று யோசித்தேன். இதை அப்படியே தலைகீழாகச் செய்தால் உங்களுக்கு ஐந்து மாதம் மிச்சம்.

உயர்தர இரசாயனவியலும், இடை, நியம விலகல் என்றால் என்ன என்ற அளவுக்குக் கணிதமும் தெரிந்திருந்தால் போதும். சட்டம் படிக்கிறவர்கள் 6, 7, 8 ஆகிய பகுதிகளை மட்டும் பார்க்கலாம்.

1. அளக்க முன் கேள்வியை எழுதுங்கள்

பரந்தன் சந்தியில் ஒரு கடையின் முன்கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சந்தேகத்தில் பிடிபட்டவரின் சேட்டில் சின்னச் சின்னக் கண்ணாடித் துகள்கள். ஒரு தாளை எடுத்து இரண்டு வசனம் எழுதுங்கள். ஒன்று: இந்தத் துகள் அந்தக் கடைக் கண்ணாடியிலிருந்து வந்தது. மற்றது: இது வேறெங்கிருந்தோ வந்தது.

உங்கள் வேலை "இரண்டும் பொருந்துகிறதா" என்று பார்ப்பதல்ல. முதல் வசனம் உண்மையென்றால் இப்படியொரு அளவீடு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு, இரண்டாவது உண்மையென்றால் எவ்வளவு வாய்ப்பு, ஒன்றை மற்றதால் வகுத்தால் என்ன வருகிறது. அவ்வளவுதான். அந்த எண்ணை இந்தக் கட்டுரையில் சாத்திய விகிதம் என்று சொல்கிறேன்.

இன்னொன்று. "இது எந்த வகைக் கண்ணாடி?" என்பது ஒரு கேள்வி. "இந்த இரண்டு துண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவையா?" என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் கணக்கு வேறு, தேவைப்படும் தரவும் வேறு. இதைப் பிரித்தறியாததில் எனக்கு இரண்டு மாதம் போனது. அந்தக் கதை 4இல் வரும்.

2. கடிதங்களை முதல் கிழமையே போடுங்கள்

காத்திருப்பதெல்லாம் கடிதத்துக்குத்தான். கணக்குக்கு யாரும் காத்திருப்பதில்லை. எனக்கு ஆய்வுகூடத் தராசைப் பாவிக்க அனுமதிக் கடிதம் கைக்கு வர ஏழு கிழமை எடுத்தது. கடிதம் ஒரு மேசையில் ஒப்பத்துக்காகக் கிடந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பத்து நாளுக்கொரு தடவை நேரில் போய்க் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

தேவைப்படுபவை:

– துறைத்தலைவரின் ஒப்பத்துடன் ஆய்வு அறிமுகக் கடிதம். மூல ஒப்பத்துடனேயே ஐந்து பிரதி எடுத்து வையுங்கள். போட்டோக்கொப்பியை ஏற்காத இடங்கள் உண்டு.
– தராசு உள்ள ஆய்வுகூடத்துக்கு, எந்தத் திகதிகளில், எத்தனை மணித்தியாலம் என்று குறிப்பிட்ட கடிதம். "வசதியான நேரத்தில்" என்று எழுதினால் அந்த நேரம் வரவே வராது.
– மாதிரி தருகிற கடைக்காரருக்கு ஒரு பக்கத் தமிழ்க் கடிதம்: எதற்கு எடுக்கிறேன், கடையின் பெயர் ஆய்வில் வராது, இது பொலிஸ் வேலை அல்ல. கடைசி வசனத்தைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பத்தரமுல்லை பெலவத்தையில் இருக்கும் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்திடம் பொதுவான விபரம் ஏதும் கேட்க நினைத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் அதன்பின் 14 நாட்கள், தேவைப்பட்டால் இன்னும் 21 நாட்கள் வரை நீட்டலாம். ஆகவே மனதளவில் இரண்டரை மாதம் ஒதுக்குங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். நடக்கும் வழக்கொன்றின் விபரத்தைக் கேட்டால் மறுப்பு வரும், அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். எந்த முறையால் அளக்கிறார்கள், அறிக்கையில் அளவீட்டு வழுவைக் குறிப்பிடுகிறார்களா போன்ற கேள்விகளே உங்களுக்குப் பிரயோசனம்.

3. கணினியும் மென்பொருளும்

செலவு பூச்சியம். ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருள் இலவசம். விண்டோஸ் நிறுவி சுமார் 80 எம்பி. இரவு டேட்டாவில் இறக்கிவிடலாம். ஆர்ஸ்டூடியோ இன்னும் பெரிது, பழைய மடிக்கணினி என்றால் அது இல்லாமலே சமாளிக்கலாம். எங்களுக்கு முக்கியமான விடயம்: மாஸ் (MASS) என்ற பொதி ஆருடன் சேர்ந்தே வந்துவிடுகிறது. அதற்குள்ளேயே தடயவியல் கண்ணாடித் தரவு இருக்கிறது. ஒருதடவை நிறுவிவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை நடக்கும்.

எக்செல் போதாதா என்று கேட்பீர்கள். தரவு பதிய அது போதும். ஆனால் எக்செலில் கை தவறி ஒரு கட்டத்தை இழுத்துவிட்டால் பிழை எங்கே நடந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஆரில் எழுதிய கட்டளைகள் கோப்பாக இருக்கும், நாளைக்கு யாராவது கேட்டால் வரி வரியாகக் காட்டலாம். தடயவியலில் அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

4. பயிற்சித் தரவு: நல்லது, ஆனால் பொறி உள்ளது

அந்தக் கண்ணாடித் தரவில் 214 துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முறிவுச்சுட்டியும் (கண்ணாடிக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்லும் எண்) எட்டு ஒட்சைட்டுகளின் நிறை வீதமும்: சோடியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன், பொற்றாசியம், கல்சியம், பேரியம், இரும்பு. ஆறு வகை: மிதப்பு முறையில் (உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு) செய்த யன்னல் கண்ணாடி 70, அப்படிச் செய்யாத யன்னல் கண்ணாடி 76, வாகன யன்னல் 17, போத்தல் போன்ற கொள்கலன் 13, மேசைப் பாத்திரம் 9, வாகன முன்விளக்கு 29. பழகுவதற்கு இதைவிட நல்ல தரவு கிடைக்காது.

இனிப் பொறிகள்.

முதலாவது, நான் விழுந்தது. இந்தத் தரவில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரேயொரு வரிதான். ஒரே கண்ணாடியை மீண்டும் மீண்டும் அளந்த எண்கள் இல்லை. ஆகவே "எந்த வகை" என்ற கேள்விக்கு இது உதவும். "ஒரே இடமா" என்ற கேள்விக்கு உதவாது, ஏனென்றால் ஒரே கண்ணாடிக்குள் அளவீடு எவ்வளவு ஆடும் என்று இதிலிருந்து அறிய வழியே இல்லை. இரண்டு மாதம் இதிலிருந்து சாத்திய விகிதம் எடுக்கப் பார்த்தேன். மேற்பார்வையாளர் ஒரே நிமிடத்தில் காட்டினார்.

இரண்டாவது, சரியாகக் கணித்த வீதம். "துண்டின் வகையைக் கணிக்கும் என் மாதிரியுரு 50 வீதம் சரி" என்று சொல்லும் முன் பாருங்கள்: எல்லாத் துண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு "மிதப்பு முறை அல்லாத யன்னல்" என்று சொன்னாலே 214இல் 76, அதாவது கிட்டத்தட்ட 36 வீதம் சரியாகும். உங்கள் எண்ணை இந்த 36உடன் ஒப்பிட வேண்டும், பூச்சியத்துடன் அல்ல.

மூன்றாவது, வீதங்கள் எல்லாம் சேர்ந்து 100ஐ ஒட்டியே வரும். சிலிக்கன் ஏறினால் மற்றது ஏதோ இறங்கியே ஆக வேண்டும். ஆகவே இரு மூலகங்களுக்கிடையில் தெரியும் இணைபு சில நேரம் வெறும் கூட்டல் கணக்கின் விளைவு. மூலகங்களை ஒன்றுக்கொன்று விகிதமாக்கி மடக்கை எடுப்பது வழக்கம். ஆனால் பேரியம், இரும்பு நிரல்களில் பெரும்பாலும் பூச்சியம் இருக்கிறது, பூச்சியத்துக்கு மடக்கை இல்லை. அந்த இரண்டையும் முதலில் விட்டுவிட்டுப் பழகுங்கள்.

5. சொந்த மாதிரி எடுத்தல், நிறுத்தல்

உண்மையான தடயவியல் ஆய்வுகூடங்கள் முறிவுச்சுட்டியை, துகளை எண்ணெயில் இட்டுச் சூடாக்கி அளக்கின்றன. மூலகங்களுக்கு லேசரும் திணிவு நிறமாலைமானியும் வைத்திருக்கின்றன. நமக்கு அதெல்லாம் எட்டாது. பயிற்சிக்கு நான் எடுத்தது அடர்த்தி: காற்றில் ஒருதடவை, நீரில் ஒருதடவை நிறுத்தால் போதும். சேட்டில் கிடைக்கும் துகளை இப்படி நிறுக்க முடியாது, அது மில்லிமீற்றரிலும் சிறியது. ஆனால் கணக்கின் முறை இரண்டுக்கும் ஒன்றே.

மாதிரிக்கு அலுமினியம் பொருத்தும் கடைகள், கராஜ்கள், பழைய போத்தல் எடுக்கும் கடைகள் போதும். விபத்து நடந்த வீதியோரத்தில் கண்ணாடி பொறுக்காதீர்கள், அது வழக்கொன்றின் சான்றாக இருக்கலாம். பற்றைக்குள்ளும் கைவிடப்பட்ட காணிகளிலும் இறங்கவே வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடிக்காத நிலம் இன்னும் இருக்கிறது, ஆய்வுக்காகக் காலை விட முடியாது.

ஒவ்வொரு கண்ணாடியிலிருந்தும் குறைந்தது ஐந்து துண்டு எடுங்கள். 4இல் சொன்ன பொறி இங்கேதான் தீர்கிறது: அந்த ஐந்தும் உங்களுக்கு "ஒரே கண்ணாடிக்குள் எவ்வளவு ஆடும்" என்பதைச் சொல்லும். வெவ்வேறு கண்ணாடிகள் "ஊரில் கண்ணாடிக்குக் கண்ணாடி எவ்வளவு வேறுபடும்" என்பதைச் சொல்லும். இந்த இரண்டாவதைப் பின்னணித் தரவு என்பார்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் உண்டு. துப்பாக்கி ரவையின் ஈயத்தில் இருக்கும் மூலகங்களை அளந்து, இது சந்தேகநபரிடமிருந்த பெட்டியின் ரவை என்று நீதிமன்றங்களில் சாட்சி சொன்னார்கள். 2004இல் தேசிய ஆராய்ச்சி மன்றம் அதை ஆராய்ந்தது. அளவீட்டில் பெரிய குறையில்லை, அதிலிருந்து "இந்தப் பெட்டி" என்று தாவுவதற்குத்தான் ஆதாரம் போதாது என்றது. அடுத்த ஆண்டு எஃப்.பி.ஐ. அந்தச் சோதனையையே நிறுத்திவிட்டது.

இனித் தராசு. மாமா ஒருவரின் நகைக்கடையில் நிறுத்துப் பார்த்துவிட்டு, இது போதும் என்று முதலில் நினைத்தேன். போதாது. ஒரு கிராம் கண்ணாடித் துண்டு நீரில் இடம்பெயர்ப்பது ஏறத்தாழ 0.4 கிராம் நீர். தராசு 0.01 கிராம் பிழைத்தால் அந்த 0.4இல் இரண்டரை வீதம் போய்விடும். நான்கு தசமதானத் தராசு, அதாவது 0.0001 கிராம் காட்டுவது வேண்டும். அப்போது பிழை 0.025 வீதத்துக்குள் நிற்கும்.

துண்டைத் தொங்கவிட நூல் வேண்டாம், நூல் நீரை உறிஞ்சும். முல்லைத்தீவுக் கடற்கரையில் வலை வேலை செய்கிறவர்களிடம் ஒரு முழம் மெல்லிய தங்கூசி (நைலோன் இழை) வாங்கினால் வருடம் முழுக்கக் காணும். நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பாவியுங்கள், குமிழி ஒட்டாது.

வெப்பநிலையை ஒவ்வொரு நிறுவைக்கும் எழுதுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். புத்தகத்தில் நீரின் அடர்த்தி 1 என்று இருக்கும். சித்திரை மாதப் பகலில், குளிரூட்டி இல்லாத ஆய்வுகூடத்தில் நீர் 34 பாகையில் நிற்கும், அப்போது அது 0.9944. நீங்கள் 1 என்று போட்டால் 2.500 அடர்த்தியுள்ள கண்ணாடி 2.514 ஆகிவிடும். இரண்டு வெவ்வேறு யன்னல் கண்ணாடிகளுக்கிடையே இருக்கும் வித்தியாசம் பல நேரம் இதைவிடச் சிறியது. காலையில் ஒரு துண்டு, மத்தியானம் அதனுடன் ஒப்பிடும் துண்டு என்று நிறுத்தால், ஒரே கண்ணாடியையே வேறென்று காட்டுவீர்கள். நான் காட்டினேன். பதினெட்டு நிறுவைகளைத் திரும்பச் செய்தேன். காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை மட்டும் நிறுங்கள், ஒப்பிடும் சோடியை ஒரே அமர்வில் முடியுங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழையும் மின்வெட்டும் சேர்ந்து வரும், நிறுவை வேலையை அதற்குமுன் முடிக்கப் பாருங்கள்.

6. விகிதத்தைக் கணித்தல்

இதற்கு எளிய சூத்திரமொன்றைப் புள்ளிவிபரவியலாளர் டெனிஸ் லிண்ட்லி 1977இலேயே கொடுத்துவிட்டார். அதை எண்களால் காட்டுகிறேன், எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை.

ஒரே கண்ணாடியை மீண்டும் அளந்தால் நியம விலகல் 0.001. ஊர்க் கண்ணாடிகளுக்கிடையில் நியம விலகல் 0.010. கடைக் கண்ணாடியும் சேட்டுத் துண்டும் தலா ஒருதடவை அளக்கப்பட்டு, ஒரே எண்ணைத் தருகின்றன. அந்த எண் ஊர் இடைக்குப் பக்கத்தில் இருந்தால், 0.010ஐ 0.001ஆலும், அதன்பின் 2இன் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 7.

இப்போது அதே பொருத்தம், ஆனால் கண்ணாடி அபூர்வமானது, இடையிலிருந்து இரண்டு நியம விலகல் தள்ளி நிற்கிறது. விகிதம் 52க்கு ஏறிவிடும். இரண்டு சந்தர்ப்பத்திலும் துண்டுகள் ஒரேயளவுதான் பொருந்தின, சான்றின் பெறுமதி ஏழு மடங்குக்கு மேல் மாறிவிட்டது. எல்லோர் வீட்டிலும் உள்ள கண்ணாடி பொருந்தியதில் பெரிய வியப்பில்லை, யாரிடமும் இல்லாதது பொருந்தினால் யோசிக்க வேண்டும். பொருந்துகிறதா என்று மட்டும் கேட்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஒரே கண்ணாடிக்குள் இவ்வளவு வித்தியாசம் வர 5 வீதத்துக்கும் குறைந்த வாய்ப்பு என்றால் "வேறு" என்று வெட்டிவிடுவதுதான் வழக்கமான சோதனை. அதன் குறையும் இதே எண்களில் தெரியும். இரண்டு அளவீடுகளும் 0.003 வேறுபட்டால் வழக்கமான சோதனை "வேறு கண்ணாடி" என்று தள்ளிவிடும். விகிதம் என்ன சொல்கிறது? சாதாரணக் கண்ணாடியென்றால் 0.75, அதாவது ஏறக்குறைய எந்தப் பக்கமும் இல்லை. அபூர்வக் கண்ணாடியென்றால் 5.5, அதாவது இன்னும் "ஒரே கண்ணாடி" பக்கம் சற்றுச் சாய்கிறது. கிணற்றுக் கட்டில் ஒரு அடி இப்பால் நின்றால் தரை, ஒரு அடி அப்பால் போனால் ஆழம் என்பது போன்ற வெட்டு, அளவீட்டில் கிடையாது.

உங்கள் பின்னணித் தரவு மணி வடிவில் வராது, இரண்டு மூன்று மேடாக வரும். யன்னல் ஒரு மேடு, போத்தல் ஒரு மேடு. அப்போது இந்தச் சூத்திரத்தை அப்படியே போடக்கூடாது. முதலில் வரைபடம் வரைந்து பாருங்கள்.

7. எத்தனை மாதிரி?

எல்லோரும் கேட்கும் கேள்வி. நம் பக்கத்து உதாரணமொன்றையே எடுக்கிறேன். 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டட வேலையிடத்தில் மனிதப் புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. 300க்கும் மேற்பட்ட என்புக்கூடுகள் வெளியே வந்தன. ஆறு மாதிரிகள் காபன் திகதியிடலுக்காக அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த அறிக்கை அவற்றை கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்றது.

அந்தப் புதைகுழி பற்றி இங்கே நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆறு என்ற எண் எவ்வளவு தூரம் பேசும் என்பதை மட்டும் பார்ப்போம். எந்தவொரு பெரிய தொகுதியிலிருந்தும் ஆறை எழுமாறாக எடுத்து, ஆறும் பழையவை என்று வந்தால், மீதியில் எத்தனை வீதம் வேறாக இருக்கலாம்? கணக்கு எளிது. தொகுதியில் 39 வீதம் புதியவை என்று வைத்தாலும், ஆறும் பழையவையாக வரும் நிகழ்தகவு 0.61ஐ ஆறு தடவை பெருக்கியது, அதாவது 0.05. இருபதில் ஒருதடவை அப்படி நடக்கும். ஆகவே 95 வீத நம்பிக்கையுடன் சொல்லக்கூடியது "புதியவை 39 வீதத்துக்கு மேல் இல்லை" என்பது மட்டுமே. அறுபது மாதிரி எடுத்து அறுபதும் பழையவை என்றால் அந்த எல்லை 5 வீதமளவுக்கு இறங்கும். இதுவும் மாதிரி எழுமாறாக எடுக்கப்பட்டால்தான். கைக்கு எட்டியதை எடுத்தால் இந்தக் கணக்கே செல்லாது. உங்கள் கராஜ் கண்ணாடிக்கும் இதே நிபந்தனைதான்: கடைக்காரர் எடுத்துத் தந்ததை மட்டும் வாங்கினால் அது ஊர்க் கண்ணாடி அல்ல, கடைக்காரர் கழிக்க நினைத்த கண்ணாடி.

8. எழுதும்போது

வன்னி நீதிமன்றங்களில் வழக்கு தமிழில் நடக்கிறது, ஆகவே ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தாலும் முடிவுப் பகுதியைத் தமிழிலும் எழுதிப் பழகுங்கள். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணரின் அபிப்பிராயத்தை ஏற்கிறது. அபிப்பிராயம் எதைப் பற்றியது என்பதில்தான் சறுக்கல்.

சரியான வசனம்: "துகள் இந்தக் கடைக் கண்ணாடியிலிருந்து வந்திருந்தால் இவ்வாறான அளவீடு கிடைப்பதற்கான வாய்ப்பு, வேறொரு கண்ணாடியிலிருந்து வந்திருந்தால் உள்ள வாய்ப்பைப் போல் 52 மடங்கு."

பிழையான வசனம்: "துகள் இந்தக் கடைக் கண்ணாடியிலிருந்து வந்திருப்பதற்கு 52 மடங்கு வாய்ப்பு."

வாசித்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேறு ஆதாரங்களை வைத்துப் பார்க்கையில் முன்கூட்டிய வாய்ப்பு ஆயிரத்துக்கு ஒன்று என்றால், 52ஆல் பெருக்கினாலும் ஆயிரத்துக்கு 52தான், ஏறத்தாழ இருபதுக்கு ஒன்று. அந்த முன்கூட்டிய வாய்ப்பை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. நம் கைக்கு அது வரக்கூடாது.

எண்ணைச் சொல்லில் சொல்ல வேண்டுமென்றால் ஐரோப்பிய தடயவியல் நிறுவனங்களின் வலையமைப்பு 2015இல் வெளியிட்ட படிமுறை இருக்கிறது. 2 முதல் 10 வரை பலவீனமான ஆதரவு, 10 முதல் 100 வரை மிதமான ஆதரவு. நம் 7 பலவீனம், 52 மிதம். "உறுதி" என்ற சொல் அந்தப் பக்கத்தில் வரவே வேண்டாம்.

9. அச்சடிக்கப் போகும்போது

யுனிகோடில் அடித்ததைக் கடையில் பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றச் சொல்லாதீர்கள். எனக்கு மாற்றித் தந்ததில் மூன்று இடத்தில் தசமப் புள்ளி காணாமல் போய் 0.003 என்பது 0003 ஆகியிருந்தது. கட்டு முடிந்து வந்தபிறகுதான் கண்டேன், நான்கு பிரதியையும் பிரித்துத் திரும்பக் கட்டக் காசு கொடுத்தேன். பிடிஎஃப் ஆக்கிப் பென்ட்ரைவில் கொண்டுபோய், முதல் பிரதியை அங்கேயே நின்று அட்டவணை அட்டவணையாகப் பார்த்துவிட்டு மிச்சத்தை எடுக்கச் சொல்லுங்கள். மாதிரித் துண்டுகளை, வைவா முடிந்து பெறுபேறு வரும்வரை வீசாதீர்கள். பைக்குள் போடும் துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை மாரியில் ஊறிவிடும்.